பிள்ளை பெற்ற வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: முதல் ஆறு வாரங்கள்

பிரசவ வார்டில் செவிலியராக இருப்பதால், ஊர் எதுவானாலும் ஒரே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. பெற்றவள் கேட்பது கொஞ்சம். அவளுடைய அம்மாவும் மாமியாரும் கேட்பதுதான் அதிகம். கணவன்மார் வராந்தாவில் நிறுத்தித் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலையும் எழுதியிருக்கிறேன். இது நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு. எடை குறைந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. அதற்கு மேல் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

"சிஸ்டர், இன்னும் பாலே ஊறலை. அதுவரைக்கும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கொடுக்கலாமா?"

வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பார்க்கிறவர்களுக்கு இது எப்படிப் பத்தும் என்று தோன்றுவது சகஜம். ஆனால் பிறந்த அன்று குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூன் அளவுதான். அந்தச் சொட்டுகளில் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்திருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுவிட வேண்டும். பால் நன்றாக இறங்குவது மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில். அதுவரை குழந்தை சப்பச் சப்பத்தான் சுரப்பு கூடும். நடுவில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் வயிறு நிரம்பித் தூங்கிவிடும். சப்பாது, சுரப்பும் தள்ளிப்போகும்.

"எனக்கு சிசேரியன். எழுந்து உட்காரவே முடியலை, எப்படிப் பால் கொடுக்கிறது?"

படுத்தபடியே கொடுக்கலாம். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவை என்றால் தாய் முழிப்போடுதான் இருப்பாள்; ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைப் பார்த்தபடி இருக்க யாராவது பிடித்துக்கொண்டால் போதும். வார்டில் செவிலியரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். எங்கள் வேலையில் அதுவும் ஒன்று.

"பெரியவங்க கையால சேனை வைக்கணும்னு மாமனார் காத்துக்கிட்டு இருக்கார். ஒரு சொட்டு தேன்தானே?"

அந்த ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்: மலம் கட்டும், அழுகை மெலியும், உடம்பு துவண்டுபோகும், மூச்சுக்கே ஆபத்து வரும். ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் ஊற்றித் தருகிறார்களே, அந்தப் பாலும் கூடாது. அது காய்ச்சாத பால். நோய்க்கு நேர் வழி.

மாமனாரின் ஆசை குழந்தைக்குத் தன் வாழ்த்து சேர வேண்டும் என்பதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிள்ளையின் பாதத்தைத் தொட்டு வாழ்த்தட்டும். இப்படிச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

"பால் பத்துதா பத்தலையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அழுதுகிட்டே இருக்கே!"

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று சிறுநீர் கூடிக்கொண்டே போகும். ஐந்து நாளுக்குமேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் போனால் பால் பத்துகிறது. மலமும் சொல்லும்: முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பு, அப்புறம் பச்சை, ஐந்தாம் நாள் வாக்கில் தளர்வான மஞ்சள். பால் குடிக்கும்போதே போவதும், ஒரு நாளைக்குப் பல தடவை போவதும் வயிற்றுப்போக்கு ஆகாது.

முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, இரண்டு வாரத்தில் பழைய எடைக்குத் திரும்பாவிட்டாலோதான் கவலை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுங்கள், ராத்திரியும் சேர்த்து. தலையைத் திருப்பித் தேடுவது, கையைச் சப்புவது, உதட்டைச் சுழிப்பதுதான் பசியின் முதல் அடையாளம். அழ விட்டால் பிறகு பிடிக்கச் சிரமப்படும். முதல் இரண்டு வாரம் மூன்று மணி நேரத்துக்குமேல் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். "தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்பது அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"காம்பு வெடிச்சு ரத்தம் வருது. உயிர் போகுது."

பெரும்பாலும் பிடிப்பு சரியில்லாததுதான் காரணம். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். மேல் உதட்டில் காம்பால் லேசாகத் தொட்டால் வாயை ஆவெனத் திறக்கும். அந்த நேரத்தில் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போக வேண்டும். கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், தாடை மார்பில் பதிந்திருக்கும், கன்னம் குழி விழாது. நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள்.

பிடிப்பு தவறினால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்தால் விட்டுவிடும். புண்ணில் கடைசிச் சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றாட விடுங்கள்.

"மார்பு கல்லு மாதிரி கட்டிக்கிச்சு, காய்ச்சலும் அடிக்குது. அந்தப் பாலைக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். பால் கட்டிய இடத்தில் நோய்த்தொற்று வந்தால் ஒரு பக்கம் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் அடிக்கும். பாலை நிறுத்தினால் கட்டு முற்றிச் சீழ் வைக்கும். கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி, கொடுத்த பின் குளிர்ந்த துணி வையுங்கள். ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.

பிள்ளைக்குப் பிடிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் முதலில் கையால் கொஞ்சம் பீய்ச்சித் தளர்த்துங்கள். பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாலாடையில் கொடுக்கலாம். பால்புட்டி வேண்டாம். அதைச் சரியாகக் கழுவிக் கொதிக்க வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. புட்டிக்குப் பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்கவும் மறுக்கும்.

"அக்னி நட்சத்திர வெயில். நாக்கு வறண்டு போகுமே, கொஞ்சம் தண்ணியாவது?"

தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள்.

"தொப்புள் கொடி விழுறதுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைக்கலாமா?"

எதுவும் வைக்காமல் உலர விடுங்கள். மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் தானாக விழும். சுற்றிலும் சிவந்தாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

"குளிப்பாட்ட வர்ற பாட்டி மூக்கை ஊதி, காதுல எண்ணெய் விட்டு, மார்பைப் பிதுக்கி விடுறாங்க. தடுத்தா கோவிச்சுக்கிறாங்க."

மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு, ஒரு கை தலையைத் தாங்க மறு கையால் தேய்க்கும் பாட்டியின் லாவகம் எங்களுக்கே வராது. அவர் குளிப்பாட்டட்டும். தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவி விடுவதும் நல்லதுதான். ஆனால் பிறந்து 24 மணி நேரம் கழிவதற்கு முன் குளியல் வேண்டாம்; தொப்புள் கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், பாட்டியின் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு தெரியாது.

கூடாதவை இவை: மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மார்பைப் பிதுக்குவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும். ஆண், பெண் எந்தப் பிள்ளைக்கும் தாயின் ஹார்மோனால் மார்பு சற்று வீங்கி, பால் மாதிரி கசியலாம். சில வாரத்தில் வற்றிவிடும். பிதுக்கினால்தான் சீழ் பிடிக்கும். நீங்கள் சொன்னால் பாட்டி கோபிப்பார் என்றால் "டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க" என்று எங்கள் தலையில் போட்டுவிடுங்கள்.

"கண் மை, சாம்பிராணி, வசம்பு, கிரைப் வாட்டர்... இதெல்லாமுமா கூடாது?"

கண்ணுக்குள் மை வேண்டாம்; பல மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிக்கு என்றால் பாதத்தில் ஒரு பொட்டு வையுங்கள், கன்னத்தில் வைத்தால் கைபட்டு வாய்க்குப் போகும். சாம்பிராணிப் புகை சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. துவட்டிய துண்டே தலையை உலர்த்திவிடும். வசம்பும் உரை மருந்தும் கிரைப் வாட்டரும் வாய் வழியாகப் போகும் எதுவும் சேனை பற்றிச் சொன்ன கணக்கில்தான் வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து போன்றவையும் மட்டும்.

"பொண்ணு பிறந்து நாலு நாள்தான் ஆகுது, துணியில ரத்தக் கறை. பயந்துட்டேன்."

முதல் வாரத்தில் பெண் குழந்தைக்குக் கொஞ்சம் ரத்தமோ வெள்ளையோ படலாம். மார்பு வீக்கத்துக்குச் சொன்ன அதே ஹார்மோன்தான் காரணம், தானாக நின்றுவிடும். மூக்கின் மேல் வெண்புள்ளி, முதுகிலும் பிட்டத்திலும் நீலத் திட்டு, விக்கல், தும்மல் எல்லாமே சாதாரணம்.

"உடம்பு மஞ்சளா இருக்கு. காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி, நான்கைந்து நாளில் கூடி, இரண்டு வாரத்துக்குள் வடியும் காமாலை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவது. பகல் வெளிச்சத்தில் நெற்றியிலும் மார்பிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தால், உடனே மருத்துவமனை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அவசரம்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதது காரணமாக இருக்கலாம்.

வெயில் விஷயம் வெறும் கதையல்ல. 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைவதை அவர்தான் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய நீல விளக்குச் சிகிச்சை. விளக்கை அளவோடு, உடம்பு முழுக்க, மணிக்கணக்கில் கொடுக்க முடியும். வாசல் வெயிலில் அது நடக்காது. தோல் சிவக்கும், நாளும் கடந்துபோகும். கூடிப்போன காமாலை மூளையைத் தாக்கினால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

இன்னும் இரண்டு. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய சேலையையும் சட்டையையும் அப்படியே பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையைக் கூட்டும். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

"எடை ரெண்டு கிலோதான். இன்குபேட்டர்ல வைக்காம வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே?"

தானாகப் பால் குடித்து, எடை ஏறி, உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்கிற பிள்ளையைத்தான் அனுப்புவார்கள். வீட்டில் செய்ய வேண்டியது கங்காரு முறை: இடுப்புத் துணியும் குல்லாவும் மட்டும் போட்டு, தாயின் மார்புகளுக்கு நடுவில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, மேலே துணி சுற்றுவது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் கடைசியில் தொடங்கிய முறை இது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை நல்லது. இந்தப் பிள்ளைக்குக் குளியலை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள்.

"சாயங்காலமானா வீல் வீல்னு கத்துறான். உரம் விழுந்திருக்கு, எடுக்கணும்னு அத்தை சொல்றாங்க."

உரம் எடுப்பதாகச் சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதாக வயிற்றை ஊதி உறிஞ்சுவதும் வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம். இரண்டு மூன்று வாரத்தில் இந்தச் சாயங்கால அழுகை தொடங்கும், ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். நன்றாகக் குடித்து, எடை ஏறும் பிள்ளை என்றால் நோய் இல்லை.

பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, தோளிலேயே வைத்துக்கொண்டு நடங்கள். உங்களுக்கே பொறுமை போகிற நேரம் வந்தால் பிள்ளையைப் பத்திரமாகக் கீழே படுக்க வைத்துவிட்டு, கொஞ்சம் வெளியே வந்து நில்லுங்கள். வேறு ஒருவர் எடுக்கட்டும். அழுகை புதிதாக, முனகலாக, நிற்காமல் இருந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ காட்டிவிடுங்கள்.

"தூளியில போடலாமா?"

ஆள் பார்வையில் இருக்கும்போது கொஞ்ச நேரம் போடலாம். முதல் வாரங்களில் சேலைத் தூளியில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் இடித்து, மூச்சு அடைபட வாய்ப்பு உண்டு. நீண்ட தூக்கத்துக்குச் சமமான பாயோ மெத்தையோ போதும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம், கொசுவலை வேண்டும். "தலை உருண்டையா வரணும்" என்று கடுகுத் தலையணை வைக்கிறார்கள். தலை தானாக உருண்டுவிடும்.

"பத்தியச் சாப்பாடுன்னு ரசம் சாதம்தான் தர்றாங்க. தண்ணி குடிச்சா வயிறு போடுமாம்."

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது: பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. புரதமும் இரும்பும் நிறைந்த சாப்பாடு இது. கெட்டது, "அதைச் சாப்பிடாதே, மாந்தம் வரும்" என்று முட்டை, பழம், காய், தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்துவது. பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரைக் குறைத்தால் மலம் கட்டும், தையல் வலிக்கும், சிறுநீரில் தொற்று வரும். வயிறு உள்ளே போக வாரங்கள் ஆகும். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஆறு மாதம் விடாமல் சாப்பிடுங்கள்.

"ரத்தப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? எது சாதாரணம்?"

முதல் சில நாள் சிவப்பு, அப்புறம் பழுப்பு, அப்புறம் மஞ்சள் கலந்த வெள்ளை. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஓயும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது கருப்பை சுருங்குவதால், நல்லதுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், எலுமிச்சைக்கு மேல் பெரிய கட்டி விழுந்தால், நாற்றமடித்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், விடாத தலைவலியோடு கண் மங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இல்லாதவளுக்கும் பிரசவத்துக்குப் பின் அது கூடி வலிப்பு வரலாம். "பச்சை உடம்பு, தலைவலி இருக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துக் காத்திருந்து நிலைமை மோசமான பிறகு கொண்டுவருவதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.

"பிள்ளையை எப்போ தூக்கிக்கிட்டு ஓடணும்? சும்மா சும்மா வந்தா திட்டுவீங்களோன்னு பயமா இருக்கு."

திட்டுகிறவர் இருந்தாலும் வாருங்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது, ஒரு நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விடுவது, நெஞ்சுக்கூடு உள்ளிழுப்பது, வலிப்பு, காய்ச்சல், வயிறும் சில்லிட்டுப் போவது, உதடு நீலமாவது, காமாலையில் சொன்ன அடையாளங்கள். இவற்றில் ஒன்று போதும். கையும் காலும் மட்டும் சில்லென்று இருந்து வயிறு வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு துணி கூடுதலாகச் சுற்றினால் சரியாகும். வரும்போது மார்போடு அணைத்து, வழியில் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

"பிறப்புச் சான்றிதழ்ல பேர் போடலைன்னா பிரச்சினையா?"

இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவார்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதோடு தடுப்பூசிகளையும் கவனியுங்கள்: பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி பிறந்தவுடன்; அடுத்தது ஆறாவது வாரம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அழுகை அழுகையா வருது. பிள்ளையைப் பார்த்தாலே பயமா இருக்குன்னு சொன்னா என்ன நினைப்பாங்க?"

மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம். ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கமில்லாததும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதைத் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், "நான் நல்ல அம்மா இல்லை" என்றே ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. பெண் குழந்தை பிறந்ததற்காக முகம் சுளிக்கும் வீட்டில் இது இன்னும் அழுத்தும். அந்த வீட்டாரை உட்கார வைத்துப் பேசுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

வீட்டாருக்கு ஒன்று. அவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரோ கூப்பிடுவது கேட்கிறது என்றாலோ, தன்னையோ பிள்ளையையோ எதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிவாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

"இன்னும் தலைக்கு ஊத்திக்கலை. பால் வேற கொடுக்கிறேன். அதுக்குள்ள மறுபடி கரு நின்னுடாதே?"

நிற்கலாம். கருமுட்டை மாதவிலக்குக்கு முன்பே வெளிவரும் என்பதால் தீட்டே வராமல் அடுத்தது உண்டாகி வருகிற பெண்களைப் பார்க்கிறோம். தாய்ப்பால் காப்பாற்ற வேண்டுமானால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிலக்கு வந்திருக்கக் கூடாது, ராத்திரி பகல் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது.

கருத்தடைக்குக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். விட்டுவிட்டால் ஆறு வாரம் கழித்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி ஆறு வாரத்திலிருந்து. சாயா என்ற கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். இவை அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமான மாலா மாத்திரை பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வேண்டாம். ஆறாவது வாரம் பிள்ளைக்கு ஊசி போட வரும் அன்றே நீங்களும் பரிசோதனை செய்துகொண்டு இதைக் கேளுங்கள், முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.